டெவலப்பர்களுக்குச் சமூக ஊடகம்: எங்கே தொடங்குவது, எதை எழுதுவது

1991 ஆகஸ்ட் 25. ஹெல்சிங்கியில் படித்துக்கொண்டிருந்த 21 வயது லினஸ் டோர்வால்ட்ஸ், மினிக்ஸ் என்ற இயங்குதளத்தைப் பயன்படுத்துவோர் கூடும் யூஸ்நெட் (அக்கால இணைய விவாத மன்றம்) குழுவில் ஒரு சிறு செய்தி போட்டார். இலவசமாக ஓர் இயங்குதளம் எழுதிக்கொண்டிருக்கிறேன், பொழுதுபோக்குக்குத்தான், பெரிதாக எதுவும் ஆகாது என்றார். அதுதான் பின்னாளில் லினக்ஸ் ஆனது. மினிக்ஸில் உங்களுக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்று கேட்டார். பேஷ் 1.08 என்ற ஷெல், ஜிசிசி 1.40 என்ற கம்பைலர் இரண்டும் அதில் ஓடத் தொடங்கிவிட்டன என்றார். தன்னிடம் இருக்கும் ஏடி வகை வன்தட்டைத் தவிர வேறு எதையும் அநேகமாக அது ஆதரிக்காது என்பதையும் மறைக்காமல் எழுதினார்.

ஒரு டெவலப்பர் தன் வேலையைப் பற்றி வெளியே எப்படிச் சொல்வது என்று யாராவது கேட்டால், நான் முதலில் காட்டுவது இந்தச் செய்தியைத்தான். யாருக்காக எழுதுகிறார் என்பது அதில் இருக்கிறது. எது ஓடுகிறது, எது ஓடாது என்பது இருக்கிறது. படிப்பவர் பதில் சொல்ல ஒரு கேள்வி இருக்கிறது. அன்று யூஸ்நெட், இன்று லிங்க்டுஇன், மாஸ்டடான், ரெட்டிட். இடம்தான் மாறியிருக்கிறது.

தொழில்நுட்ப வேலை செய்பவர்களில் பலருக்கு மார்க்கெட்டிங் என்ற சொல்லே கசக்கும். எனக்கும் நெடுநாள் கசந்தது. என் முதல் லைப்ரரியைக் கிட்ஹப்பில் ஏற்றிவிட்டு லிங்கை நாலைந்து இடத்தில் ஒட்டினேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சில வாரம் கழித்து, அந்த லைப்ரரி தீர்க்கும் அதே பிரச்சினையில் ஒருவர் மாட்டிக்கொண்டு கேள்வி கேட்டிருந்தார். காரணத்தை விளக்கிப் பதில் எழுதி, கடைசி வரியில் மட்டும் லைப்ரரியைக் குறிப்பிட்டு, அது நான் எழுதியது என்பதையும் சொன்னேன். அதன் முதல் பயனர் அந்த வழியாகத்தான் வந்தார். அன்றிலிருந்து ஒன்றைப் பிடித்துக்கொண்டேன்: பதிவுக்கென்று தனியாக எதையும் தயாரிக்க வேண்டாம், வேலையில் ஏற்கெனவே கிடப்பதை எடுத்துக் கொடுத்தால் போதும். கீழே வரும் படிகள் எல்லாம் அதற்கான வழிகள்தான்.

முதல் படி: யாருக்கு, எதற்கு

புதிய வேலை தேடுகிறீர்களா? ஓப்பன் சோர்ஸ் திட்டத்துக்குப் பயனர்கள் வேண்டுமா? தனியாக ப்ராஜெக்ட் எடுத்துச் செய்ய வாடிக்கையாளர்கள் வேண்டுமா? மூன்றுக்கும் ஒரே பதிவு உதவாது. வேலைக்கு ஆள் எடுப்பவர் நீங்கள் எப்படி யோசிக்கிறீர்கள் என்று பார்ப்பார். பயனர் தன் சிக்கல் தீருமா என்று மட்டும் பார்ப்பார். வாடிக்கையாளருக்கு உங்கள் கோட் புரியாது, சொன்ன தேதியில் முடிப்பீர்களா என்பதுதான் அவர் கவலை. மூன்றில் ஒன்றை எடுத்து ஒரே வாக்கியமாக எழுதி வையுங்கள். உதாரணமாக: ‘டேட்டாபேஸ் மெதுவாகிறது என்று தவிக்கும் சிறு குழுக்களுக்கு, நான் கற்றதைச் சொல்கிறேன்.’ ஆறு மாதம் கழித்து மாற்றிக்கொள்ளலாம். இப்போதைக்கு இது போதும்.

இரண்டாம் படி: வருகிறவர் பார்க்கும் பக்கங்கள்

ஒரு நல்ல பதிவைப் படித்தவர் அடுத்துச் செய்வது உங்கள் பெயரைத் தட்டிப் பார்ப்பது. அங்கே ஒன்றுமில்லை என்றால் வந்த வழியே போய்விடுவார். அதனால் பதிவுக்கு முன்பே இந்த வேலையை முடித்துவிட வேண்டும்.

லிங்க்டுஇன்னில் பெயருக்குக் கீழே வரும் தலைப்பு வரிக்கு 220 எழுத்து இடம் உண்டு. பெரும்பாலானவர்கள் அதில் பதவிப் பெயரையும் நிறுவனப் பெயரையும் மட்டும் போட்டு விட்டுவிடுகிறார்கள். ‘சாஃப்ட்வேர் இன்ஜினியர்’ என்று மட்டும் எழுதினால் உங்களைப் பற்றி எதுவும் தெரியாது. ‘பேமென்ட் அமைப்புகளுக்கான பேக்எண்ட், கோ மொழி, போஸ்ட்கிரெஸ்’ என்றால் தேடுகிறவர் கண்ணில் படுவீர்கள், படிக்கிறவருக்கும் புரியும்.

கிட்ஹப்பில் உங்கள் பயனர் பெயரையே பெயராக வைத்து ஒரு பொது ரிப்போ தொடங்கி, அதில் ஒரு ரீட்மீ கோப்பு வைத்தால் அது உங்கள் ப்ரொஃபைல் பக்கத்தின் மேலேயே தெரியும். 2020 முதல் இந்த வசதி இருக்கிறது. அதில் பேட்ஜ்களையும் அசையும் படங்களையும் அடுக்குவதைவிட, இப்போது எதில் வேலை செய்கிறீர்கள், எதைப் பற்றி உங்களிடம் கேட்கலாம், எப்படித் தொடர்பு கொள்ளலாம் என்று ஐந்தாறு வரி எழுதுவது மேல். கீழே ஆறு திட்டங்கள் வரை பின் செய்து வைக்கலாம். ஆறையும் நிரப்ப வேண்டிய அவசியம் இல்லை. பாதியில் விட்ட பயிற்சித் திட்டங்கள் நாலைவிட, முடித்த திட்டம் இரண்டு நன்றாகப் பேசும்.

அப்புறம் ஒவ்வொரு திட்டத்தின் ரீட்மீ. நான் அதிகம் நேரம் செலவிடச் சொல்வது இங்கேதான். ஸ்க்ரோல் செய்யாமல் முதல் திரையில் மூன்று விஷயம் தெரிய வேண்டும்: இது என்ன செய்யும், எப்படி நிறுவுவது, ஓடினால் எப்படி இருக்கும். மூன்றாவதற்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் போதும். கமாண்ட் லைன் கருவி என்றால் ஆஸ்கினீமா போன்ற ஒன்றால் டெர்மினலைப் பதிவு செய்து, அரை நிமிடத்துக்குள் ஒரு காட்சியாக வையுங்கள். உள்கட்டமைப்பு, ஏன் எழுதினீர்கள் என்ற கதை, வரைபடம் எல்லாம் அதற்குக் கீழே வரட்டும். பிறகு இதைத் தெரியாத ஒரு நண்பரிடம் கொடுத்து, நீங்கள் வாய் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் எந்த வரியில் நிற்கிறார் என்று பாருங்கள். அந்த வரியைத் திருத்துங்கள்.

சொந்தத் தளம் வைத்திருந்தால் லிங்க் முன்னோட்டத்தையும் சரிபாருங்கள். லிங்கை ஒட்டும்போது வரும் படமும் தலைப்பும் பெரும்பாலும் பக்கத்தின் ஹெச்டிஎம்எல்லில் இருக்கும் ஓப்பன் கிராஃப் டேக்குகளிலிருந்து எடுக்கப்படுகின்றன. 1200-க்கு 630 பிக்ஸல் அளவில் ஒரு படம் வைத்தால் பெரும்பாலான தளங்களில் ஒழுங்காகத் தெரியும். டேக்கை மாற்றிய பிறகும் பழைய படமே வருகிறது என்றால் அந்தத் தளம் கேஷ் செய்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். லிங்க்டுஇன்னின் போஸ்ட் இன்ஸ்பெக்டரில் முகவரியைக் கொடுத்தால் அங்கே புதுப்பித்துக்கொள்ளும்.

மூன்றாம் படி: இரண்டு இடம் மட்டும்

எல்லா இடத்திலும் கணக்குத் தொடங்கிவிட்டு எங்கேயும் பேசாமல் இருப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. இரண்டைத் தேர்ந்தெடுங்கள்: ஆட்களுடன் தொடர்ந்து பேச ஒன்று, கேள்வி கேட்பவர்கள் கூடும் ஒன்று.

தொடர்ந்து பேசுவதற்கு, வேலையும் வாடிக்கையாளரும் தேவை என்றால் லிங்க்டுஇன்தான். ஒரு பதிவுக்கு 3000 எழுத்து வரை இடம் இருப்பதால் ஒரு சிக்கலை முழுதாகச் சொல்ல முடியும். எக்ஸில் இலவசக் கணக்குக்கு 280 எழுத்து, புளூஸ்கையில் 300. பலர் தனித்தனியாக நடத்தும் சர்வர்களில் இயங்கும் மாஸ்டடானில் வழக்கமாக 500, சில சர்வர்களில் அதற்கும் மேல். மாஸ்டடானில் பதிவுகள் நேர வரிசையில்தான் வரும், எது மேலே வர வேண்டும் என்று அல்காரிதம் தீர்மானிப்பதில்லை. அதனால் அங்கே ஆட்கள் உங்களைக் கண்டுபிடிப்பது பெரிதும் ஹேஷ்டேக் வழியாகத்தான். பல சொற்களைச் சேர்த்து ஆங்கில ஹேஷ்டேக் எழுதினால் ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தையும் பெரிய எழுத்தாக்குங்கள். பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் பயன்படுத்தும் ஸ்கிரீன் ரீடர் அப்போதுதான் அதைச் சொல் சொல்லாகப் படிக்கும்.

கேள்விகள் கூடும் இடங்களில் விதிகள் கடுமை, அவற்றை மதிக்க வேண்டும். ரெட்டிட்டில் ஒவ்வொரு குழுவுக்கும் தனி விதி உண்டு. சொந்தத் திட்டத்தைக் குறிப்பிட்ட நாளில் அல்லது குறிப்பிட்ட இழையில் மட்டுமே போட அனுமதிக்கும் குழுக்களும் உள்ளன. பக்கவாட்டில் இருக்கும் விதிகளைப் படித்துவிட்டு, சில வாரம் மற்றவர்களுக்குப் பதில் சொல்லிவிட்டு, பிறகு உங்கள் திட்டத்தைப் பற்றிப் பேசுங்கள். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் உங்கள் சொந்தக் கருவியைப் பரிந்துரைத்தால், அது உங்களுடையது என்பதைப் பதிலிலேயே சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் ஸ்பாம் என்று நீக்கிவிடுவார்கள், அது நியாயமும்கூட.

ஹேக்கர் நியூஸ் என்ற தொழில்நுட்பச் செய்தி, விவாதத் தளத்தில் ‘ஷோ ஹெச்என்’ என்று ஒரு பகுதி உண்டு. மற்றவர்கள் எடுத்து ஓட்டிப் பார்க்கக்கூடிய ஒன்றை நீங்களே செய்திருந்தால் மட்டும் அங்கே போடலாம். கட்டுரைகளுக்கும், ‘விரைவில் வருகிறது, மின்னஞ்சலைக் கொடுங்கள்’ என்ற பக்கங்களுக்கும் அங்கே இடமில்லை. நண்பர்களிடம் ஓட்டுப் போடச் சொல்வதும் விதிமீறல்.

நான்காம் படி: எழுதுவதற்கு விஷயம் எங்கே இருக்கிறது

‘எழுத என்னிடம் ஒன்றுமில்லை’ என்று டெவலப்பர்கள் சொல்வதை அடிக்கடி கேட்டிருக்கிறேன். கிட் லாகைத் திறந்து கடந்த மாதத்துக் கமிட்டுகளைப் படித்துப் பாருங்கள். இரண்டு நாள் தேடி ஒரே வரியில் சரிசெய்த பக் ஒன்று அதில் நிச்சயம் இருக்கும். அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருக்கும் இரண்டு நாள்தான் பதிவு.

இன்னொரு ஊற்று, நீங்கள் ஏற்கெனவே எழுதிய பதில்கள். சக ஊழியர் சாட்டில் கேட்ட கேள்விக்கு ஒரு பத்தி விளக்கம் கொடுத்திருப்பீர்கள். கோட் ரிவ்யூவில் ‘இங்கே ஏன் இப்படிச் செய்யக் கூடாது’ என்று காரணத்தோடு எழுதியிருப்பீர்கள். ஒரே கேள்வி இரண்டாவது முறை வந்தால், மூன்றாவதாகக் கேட்கப் போகிறவர் வெளியே எங்கோ இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு எளிய டெக்ஸ்ட் கோப்பைத் திறந்து வைத்து, இப்படி எதிர்ப்படும்போதெல்லாம் ஒரு வரி குறித்து வையுங்கள். அந்த நேரத்தில் முழுதாக எழுத முயல வேண்டாம், வேலை கெடும்.

பிழைச் செய்திகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். பிழைச் செய்தியை அப்படியே, ஓர் எழுத்து மாறாமல் பதிவில் டெக்ஸ்டாகச் சேருங்கள். மாட்டிக்கொண்டவர் தேடுபொறியில் அதைத்தான் ஒட்டுவார். அவர் உங்களைக் கண்டடைய அதைவிட நேரான பாதை கிடையாது.

‘எனக்கே இப்போதுதான் தெரியும், நான் எப்படிச் சொல்லிக்கொடுப்பது’ என்று தயங்க வேண்டாம். நேற்றுக் கற்றவருக்குத்தான் எந்த இடத்தில் குழப்பம் வரும் என்பது நினைவில் இருக்கும். பத்து வருடம் பழகியவருக்கு அது மறந்தே போயிருக்கும். ‘இதை இந்த வாரம்தான் கற்றேன், தவறிருந்தால் திருத்துங்கள்’ என்று தொடங்கினால் போதும்.

ஐந்தாம் படி: பதிவை எழுதுவது

முதலில் எடுபடாத ஒரு பதிவைப் பார்ப்போம். ‘புதிய டிப்ளாய்மென்ட் கருவி வெளியிட்டிருக்கிறேன். வேகமானது, எளிமையானது, நவீனமானது. பார்த்துவிட்டு ஸ்டார் கொடுங்கள்.’ இதில் படிப்பவருக்கு எதுவுமே இல்லை. எந்தக் கருவியைப் பற்றியும் இதே வார்த்தைகளை எழுதலாம்.

அதே ஆள் இப்படி எழுதியிருக்கலாம்: ‘எங்கள் டாக்கர் கன்டெய்னரை நிறுத்தச் சொன்னால் ஒவ்வொரு முறையும் சரியாக 10 நொடி எடுத்தது. புரோகிராமில், நிற்கச் சொல்லும் சிக்டெர்ம் சிக்னலைக் கையாளும் கோட் இருந்தது, ஆனால் அது ஓடவே இல்லை. காரணம், புரோகிராமை ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் வழியாகத் தொடங்கியிருந்தோம். சிக்னல் போனது ஷெல்லுக்கு. ஷெல் அதைப் புரோகிராமுக்குக் கடத்தவில்லை. 10 நொடி பொறுத்துவிட்டு டாக்கர் எல்லாவற்றையும் வலுக்கட்டாயமாக நிறுத்தியது. ஸ்கிரிப்டின் கடைசி வரியில், புரோகிராமைத் தொடங்கும் கட்டளைக்கு முன்னால் எக்ஸெக் என்று சேர்த்தோம். ஷெல்லின் இடத்தைப் புரோகிராமே எடுத்துக்கொண்டது, கன்டெய்னர் உடனே நிற்கத் தொடங்கிவிட்டது. இதே 10 நொடித் தாமதத்தை வேறு காரணத்தால் சந்தித்தவர்கள் இருக்கிறீர்களா?’

இரண்டாவது பதிவில் கருவியின் பெயரே இல்லை. ஆனால் இதைப் படித்த ஒருவர் தன் ஸ்கிரிப்டைத் திறந்து பார்ப்பார். எழுதியவரின் பெயரும் அவர் மனதில் தங்கும்.

முதல் இரண்டு வரியில் அறிகுறியைச் சொல்லுங்கள். லிங்க்டுஇன்னில் சில வரிக்குப் பிறகு ‘மேலும்’ என்று மடித்துவிடும், அதற்கு மேல் தெரிவதை வைத்துத்தான் ஆட்கள் திறப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்கள். வெர்ஷன் எண், அளந்த எண், உண்மையான பிழை இவற்றைச் சேருங்கள். ‘வேகமானது’ என்பதற்குப் பதிலாக எவ்வளவு நொடி எவ்வளவாகக் குறைந்தது, எந்த மெஷினில் அளந்தீர்கள் என்று எழுதுங்கள். ஏஐ கருவியிடம் மொழியைச் சீராக்கச் சொல்லலாம், ஆனால் முழுப் பதிவையும் எழுதச் சொன்னால் இந்த விவரங்கள்தான் முதலில் காணாமல் போகும். அவை உங்கள் டெர்மினலில் மட்டுமே இருக்கின்றன.

கோடைப் படமாகப் போட்டால், படத்துக்கான மாற்று உரைப் பெட்டியில் (ஆல்ட் டெக்ஸ்ட்) அதே கோடை எழுதிவிடுங்கள். ஸ்கிரீன் ரீடரில் படிப்பவரும் நம்மைப் போன்ற டெவலப்பர்தான். படத்தில் பத்துப் பன்னிரண்டு வரிக்கு மேல் வேண்டாம். மொபைலில் படிக்கவே முடியாது.

அனுப்பும் முன் ஒரு சோதனை

இதைக் கண்டிப்பாகச் செய்யுங்கள். ஸ்கிரீன்ஷாட்டில் டெர்மினல் தலைப்பு, பிரவுசர் டேப்கள், சர்வர் பெயர்கள், வாடிக்கையாளரின் மின்னஞ்சல் ஏதாவது தெரிகிறதா? உதாரணக் கோடில் உண்மையான ஏபிஐ கீ இருக்கிறதா? கிட்ஹப்பில் பொதுவில் ஏறும் கீகளைத் தேடி எடுக்கவே தானியங்கி நிரல்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. தவறி ஏறிவிட்டால் அடுத்த கமிட்டில் அழிப்பது உதவாது, வரலாற்றில் அது அப்படியே இருக்கும். முதலில் அந்தக் கீயை ரத்து செய்து புதிது வாங்குங்கள், சுத்தம் செய்வது அப்புறம்.

வேலை செய்யும் இடத்தில் நடந்ததை எழுதுவதானால் பணி ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு, மேலாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். சம்மதம் கிடைத்தால் தோல்விகளையும் தைரியமாக எழுதலாம். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறுதலாக முதன்மை டேட்டாபேஸின் கோப்புகளை அழித்துவிட்டார். சுமார் ஆறு மணி நேரத் தரவு போனது. மீட்பு வேலையை அவர்கள் யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள், எந்தெந்த பேக்கப் வேலை செய்யவில்லை என்பது வரை வெளியிட்டார்கள். பேக்கப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் அந்த அறிக்கையை நான் இன்றும் மற்றவர்களுக்கு அனுப்புகிறேன். அதில் யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்தது.

ஆறாம் படி: பதில் சொல்வது

எந்த நேரத்தில் பதிவு போட வேண்டும் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். என் கணக்கு எளிது: அடுத்த ஒரு மணி நேரம் உட்கார்ந்து பதில் சொல்ல முடிகிற நேரத்தில் போடுங்கள். பயணம் கிளம்பும் முன் போட்டுவிட்டுப் போகாதீர்கள்.

‘என் மெஷினில் இது ஓடவில்லை’ என்று ஒருவர் கமென்ட் போட்டால், அவர் தன் நேரத்தைச் செலவழித்து உங்கள் திட்டத்தை நிறுவிப் பார்த்திருக்கிறார். அதை ஒரு இஷ்யூவாகப் பதிந்து லிங்கைக் கொடுங்கள். சரிசெய்ததும் அதே கமென்டில் திரும்பிப் போய்ச் சொல்லுங்கள். பார்த்துக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கும் இது பராமரிக்கப்படும் திட்டம் என்று தெரியும். கடுமையாக எழுதுகிறவரிடம் தொழில்நுட்பக் கருத்து இருந்தால் அதற்கு மட்டும் ஒருமுறை பதில் சொல்லுங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

மற்றவர்கள் பதிவுகளில் எழுதும் கமென்டும் பதிவுதான். புதியவருக்கு ஃபாலோயர்ஸ் குறைவு என்பதால் முதல் சில மாதம் உங்கள் எழுத்து அதிகம் படிக்கப்படுவது அங்கேதான். ‘அருமை’ என்று போடுவதில் பயனில்லை. அவர் சொன்னதை நீங்கள் ஓட்டிப் பார்த்து, கிடைத்த முடிவை இரண்டு வரியில் எழுதுங்கள்.

ஏழாம் படி: உங்கள் பெயரில் ஓர் இடம்

சமூகத் தளங்கள் மூடப்படும். கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் பொதுப் பயனர்களுக்கு மூடப்பட்டபோது அங்கே நடந்த தொழில்நுட்ப உரையாடல்களும் சேர்ந்து போயின. அதனால் நீளமாக எழுதுவதை உங்கள் சொந்த டொமைனில் முதலில் போடுங்கள். டெவ்.டு போன்ற தளத்தில் மறுபடி வெளியிடும்போது ‘கெனானிக்கல்’ முகவரி என்று ஒரு பெட்டி இருக்கும். அதில் உங்கள் பக்கத்தின் முகவரியைக் கொடுத்தால், மூலம் எது என்று தேடுபொறிகளுக்குத் தெரியும். தளத்தில் ஆர்எஸ்எஸ் ஓடை (புதிய பதிவுகளை வாசகரின் செயலிக்கே கொண்டுபோகும் வசதி) வையுங்கள். டெவலப்பர்களில் இன்னும் பலர் அதில்தான் படிக்கிறார்கள்.

எதை அளப்பது

லைக் எண்ணிக்கையைத் தினமும் பார்க்காதீர்கள், மனம் சோர்ந்துவிடும். கிட்ஹப் ரிப்போவின் ட்ராஃபிக் பக்கத்தில் எந்தத் தளத்திலிருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்று தெரியும். அது கடைசி 14 நாள் விவரத்தை மட்டுமே காட்டும், அதனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குறித்து வையுங்கள். சொந்தத் தளத்துக்கு வரும் லிங்குகளில் யூடிஎம் குறிகளை (முகவரியின் கடைசியில் ஒட்டும் அடையாளச் சொற்கள்) சேர்த்தால் எந்தப் பதிவு ஆள் கொண்டுவந்தது என்று பிரித்துப் பார்க்கலாம். நான் இவற்றையெல்லாம்விட மதிப்பது வேறு மூன்று: முன்பின் தெரியாதவர் பதிந்த இஷ்யூ, தனிச் செய்தியில் வந்த கேள்வி, ‘உங்கள் பதிவைப் பார்த்தேன்’ என்று தொடங்கும் மின்னஞ்சல்.

முதல் நான்கு வாரம்

வாரத்துக்கு இரண்டு மணி நேரம் போதும், ஆனால் காலண்டரில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் பதிவே போடாமல் ப்ரொஃபைலையும் ஒரு ரீட்மீயையும் சரிசெய்யுங்கள், டெக்ஸ்ட் கோப்பில் குறிக்கத் தொடங்குங்கள். இரண்டாம் வாரம் மற்றவர்களின் கேள்வி ஐந்துக்குப் பதில் எழுதிவிட்டு, நீங்கள் சரிசெய்த ஒரு பக்கைப் பற்றி முதல் பதிவு. மூன்றாம் வாரம் இன்னொரு பதிவு, இந்த முறை கடைசியில் உண்மையாகவே பதில் தெரிய விரும்பும் ஒரு கேள்வியோடு. நான்காம் வாரம் இரண்டு பதிவுகளுக்கும் வந்த கமென்டுகளைத் திரும்பப் படியுங்கள். எந்த இடத்தில் ஒருவருக்கு மேல் விளக்கம் கேட்டார்களோ, அதை எடுத்து விரிவான கட்டுரையாக எழுதி உங்கள் டொமைனில் போடுங்கள். பிறகு கேட்டவர்கள் ஒவ்வொருவருக்கும் அவரவர் கமென்டின் கீழேயே லிங்கைக் கொடுங்கள்.